நகத்தளவு விஷம்

"யாருன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தார். இடது கை இடுப்பைப் பிடித்திருந்தது. வலது கை மேசையில் குத்தியது. மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன அறையில், குத்திய வேகத்துக்கு டீ கிளாஸ் ஒன்று துள்ளி விழப் பார்த்தது. பிரேக் பாய்ந்து பிடித்தான்.

பிரேக்குக்கு அந்தப் பெயர் வந்ததே அவன் பிரேக் போடாததால்தான். இருபது வருஷம் பஸ் ஓட்டியவன். இப்போது அக்காவிடம் உதவியாள். கேஸ் வாசல்படி ஏறும்போதே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான். அது தப்பு என்று அக்கா சாயங்காலம் சொல்லுவாள்.

அக்கா முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுன்ட்டரில் இருந்தவள். ஊரே அவளைக் கம்பவுண்டரம்மா என்றது. துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எதிரில் இடி விழுந்தாலும், "எத்தனை மணிக்கு விழுந்துச்சு?" என்று கேட்கிற ரகம்.

"எத்தனை மணிக்கு வலி வந்துச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"நாலு நாளைக்கு முன்னாடி, காலைல ஏழு அஞ்சு. ஏழு மணிக்கு டீ குடிச்சேன். அஞ்சே நிமிஷம்! சமையல்காரன்தான். இல்லைன்னா துணி துவைக்கிறவ. ரெண்டு பேருக்கும் என்மேல காட்டம்."

வந்தவர் முத்துப்பண்ணை முதலாளி. கரையிலிருந்து நாற்பது நிமிஷப் படகுப் பயணத்தில் ஒரு மணல்திட்டு. அதைச் சுற்றிக் கடலுக்குள் வலைக்கூடுகளில் சிப்பி வளர்க்கிறார். முக்குளிக்கும் ஆட்கள் கூடுகளைச் சுத்தம் செய்வார்கள். அவர்களுக்கு மேல் ஒரு மேஸ்திரி.

"அன்னிக்கு நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க. உதவாததையும் சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல? மூணு நாள் அடைமழை. ஒருத்தனும் கடல்ல இறங்கல, படகும் போகல. நானும் திட்டைவிட்டு நகரல. அன்னிக்கு விடியும்போதுதான் மழை விட்டுச்சு. ஆறரைக்குக் குளிச்சேன். நல்ல தண்ணி, தொட்டித் தண்ணி. துண்டு சரியாக் காயாம உப்பு வாடை அடிச்சுது. மூலையில வீசிட்டு அந்தப் பொம்பளையைத் திட்டினேன். பின்கழுத்துல ஒரு எறும்பு கடிச்சுது, தட்டிவிட்டேன். இதெல்லாம் எதுக்கும்மா?"

"அப்புறம்?"

"டீ. அப்புறம் நரகம்." அவர் குரல் இறங்கியது. "மேஸ்திரி மட்டும் இல்லைன்னா நான் இன்னிக்குப் படத்துல மாலையோட இருப்பேன். ரெண்டே நிமிஷத்துல படகைக் கிளப்பிட்டான். என்னைப் படகுத் தரையில படுக்கவெச்சதும், காஞ்ச பலகை முதுகுல பட்டதும் ஞாபகம் இருக்கு. அப்புறம் வாந்தி. அப்புறம் ஆஸ்பத்திரி. டீயில விஷம் இல்லைன்னுட்டாங்க. ரத்தக்கொதிப்பு எக்கச்சக்கம், இருதயம் குதிரை மாதிரி ஓடுதுன்னாங்க. அந்தச் சின்ன டாக்டர் என்ன சொன்னான் தெரியுமா? பயத்துல பெரிசு பண்றேனாம்! நான் நடிக்கிறேனாம்!"

அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். தாளுக்கு அடியில் கார்பன் தாளைச் செருகி நீட்டினாள்.

"என்ன வலி, எங்கே வலி, எப்படி இருந்துச்சு. உங்க கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சீட்டு இல்லாம நான் தலைவலி மாத்திரைகூடக் கொடுத்ததில்ல."

அவர் எழுதினார். கோபத்தில் பேனா தாளைக் கிழித்துவிடும்போல ஓடியது. பிரேக் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான்.

'இடுப்பை ஈரத்துணிபோல யாரோ முறுக்கிப் பிழிந்தார்கள். வேர்வை ஆறாக ஓடியது. நான் சாகப்போகிறேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கொன்றுவிடும்படி டாக்டரின் காலைப் பிடித்தேன். இதில் ஒரு சொல்கூட மிகை இல்லை. இது நடிப்பு அல்ல.'

கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.

அவர் படியிறங்கியதும் பிரேக் கையைத் தேய்த்துக்கொண்டான். "சமையல்காரன்தான்க்கா. டீயை ஊத்திட்டு கிளாஸைக் கழுவியிருப்பான். முடிஞ்சுது."

"உன் பஸ் மாதிரியே போற. ஸ்டாப்பிங்ல நிக்கவே மாட்டியா?" என்றாள் அக்கா.

மறுநாள் காலை மேஸ்திரியே படகோடு கரைக்கு வந்திருந்தான். நரைத்த தலை, உப்பில் ஊறிய கைகள், அளந்து பேசுகிற வாய். மிதவைச் சட்டையைப் பிரேக்குக்கு மாட்டி, வாரை இழுத்துப் பார்த்து, திருப்தி வராமல் இன்னொரு முறை இறுக்கினான்.

"மூச்சு முட்டுதுய்யா!"

"முட்டட்டும். மூச்சு இருந்தாத்தானே முட்டும்." சிரிக்காமல் சொன்னான். "என் படகுல ஏறினவங்க இறங்கற வரைக்கும் என் பொறுப்பு."

திட்டில் முதலில் சமையல்காரர் பிடித்துக்கொண்டார். ஐந்து நாளாக அவரைக் கரைக்குப் போகவிடாமல் வைத்திருந்தார் முதலாளி. போலீஸ் அதிகாரி ஒருவர் தனக்கு வேண்டியவர் என்று தினமும் இரண்டு வேளை ஞாபகப்படுத்தினாராம்.

"அம்மா, என் டீயைக் குடிச்சு இதுவரைக்கும் யாரும் செத்ததில்ல. நல்லா இருக்குன்னு சொன்னதும் இல்ல, அது வேற. அதே பாத்திரத்து டீயை நானும் குடிச்சேன், அந்தக்காவும் குடிச்சுது."

அந்தக்கா என்றது துணி துவைக்கும் அம்மாவை. துவைக்கும் கல்லின் பக்கத்தில் குந்தியிருந்தாள். அவளுக்கு எதிரே, யாரும் தொடாமல், ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஒரு துண்டு தனியாகக் கிடந்தது.

"அன்னிக்கு முதலாளி வீசின துண்டு இதுதானா?" அக்கா கேட்டாள்.

"ஆமாம்மா. மூலையில வீசினார்னாங்க. ஆனா ஏழு மணிக்கு நான் வந்து பாத்தப்போ அழுக்குக்கூடையில இருந்துச்சு. எடுத்தா ஒரே புளிச்ச வாடை. வாந்தி எடுத்திருப்பார்னு தனியாப் போட்டேன். அதுக்குள்ள அங்க அலறல். அப்புறம் எதையும் தொடாதேன்னுட்டாங்க."

அக்கா குனிந்து மோந்து பார்த்தாள். பிரேக்கும் மோந்தான், தும்மினான்.

"வாந்தி இல்லக்கா. வினிகர்."

"முதலாளி வாந்தி எடுத்ததே படகுலதான்" என்றாள் அக்கா. பிறகு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு அவர்மேல காட்டம்னு சொன்னார்."

அந்த அம்மா இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை உருவினாள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்துப்போன ஒரு தாள் அதற்குள் இருந்தது.

"என் மகனும் இங்கதான் முக்குளிச்சான். சுறான்னு கூப்பிடுவாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. தண்ணிக்குள்ள எறும்பு கடிச்சாப்பல இருக்குன்னுட்டு மேல வந்தான். அரைமணி வரைக்கும் நல்லாத்தான் பேசினான், கேலி பண்ணினான். அப்புறம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டான். படகுச் சாவி முதலாளி சட்டைப்பைல. வேலைக்கு டிமிக்கி கொடுக்கறான், நடிக்கறான்னு சொல்லி ஒரு மணி பத்து நிமிஷம் சாவியைத் தரல. தந்தப்போ அவன் நடிச்சு முடிச்சிருந்தான்."

அது விபத்து அறிக்கை. அக்கா வாய்விட்டுப் படித்தாள். "'மேற்படி ஆள் மது அருந்திய நிலையில், வலிப்பதாக நடித்தார். நகத்தளவு சொறிமீன் கொட்டி மனிதன் சாவதில்லை.' கீழே முதலாளி கையெழுத்து. சாட்சி, மேஸ்திரி."

"என் பிள்ளை குடிச்சதே இல்லம்மா. ஊர்ல கேட்டா குடிகாரன் அம்மான்னு சொல்றாங்க."

பிரேக் படகுத்துறைக்கு நடக்கும்போது மெதுவாகச் சொன்னான்: "அக்கா, இந்தம்மாவா இருந்தா கண்டுபிடிக்காம விட்டுடலாமா?"

"முதல்ல கண்டுபிடி. விடறதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

துறையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே வினிகர் பாட்டில்கள், மூடியில் காகித முத்திரை ஒட்டி, தேதி எழுதி. ஐந்தில் நான்கு முழுசு. ஒன்றின் முத்திரை கிழிந்து பாட்டில் பாதி காலி.

"இது எதுக்கு?" என்று அக்கா மேஸ்திரியைக் கேட்டாள்.

"சொறிமீனுக்குத்தாம்மா, ஜெல்லி மீன்னு சொல்வாங்களே. அது செத்தாலும் அதோட விஷ ஊசிங்க சாகாது. நல்ல தண்ணி பட்டா மிச்சம் இருக்கறதெல்லாம் வெடிக்கும். வினிகர் ஊத்தினா அடங்கிடும். இங்க புதுசா சேர்றவனுக்கு இதுதான் முதல் பாடம்."

"கடைசியா யாரையாவது கொட்டுச்சா?"

"ஒரு மாசமா இல்ல."

"பாட்டிலை எப்போ சரிபார்ப்பீங்க?"

மேஸ்திரி ஒரு கணம் அவளையே பார்த்தான். "வாரா வாரம்" என்றான். கண்ணை விலக்கவில்லை.

அக்கா தலையசைத்துவிட்டுத் துறையில் கட்டியிருந்த இன்னொரு படகைப் பார்த்தாள். நேற்று ராத்திரி பெய்த மழையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

"டேய், அந்தத் தண்ணியை இறைச்சு, தரையைத் துடைச்சு, ஆள் படுக்கற மாதிரி ஆக்கு. எத்தனை நேரம் ஆகுதுன்னு பாக்கணும்."

"நானா?"

"முதலாளியையா கேட்பேன்?"

பிரேக் வாளியை எடுத்தான். இறைத்தான், துடைத்தான், திட்டினான், மறுபடி இறைத்தான். நிமிர்ந்தபோது அவனுக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "முப்பத்தஞ்சு நிமிஷம். இது ஒரு ராத்திரி மழை."

பிற்பகல் நான்கு மணிக்கு எல்லாரையும் சாப்பாட்டுக்கூடத்துக்கு வரச்சொன்னாள். நீள மேசை. ஒரு கோடியில் முதலாளி, முன்னால் தொலைபேசியைத் தயாராக வைத்துக்கொண்டு. சமையல்காரர் சுவரோடு சுவராக நின்றார். துணி துவைக்கும் அம்மா வாசற்படியில். மேஸ்திரி ஜன்னலோரம், கடலைப் பார்த்து.

"சொல்லுங்க. ஒரு பேர். அவனை ஜென்மத்துக்கும் வெளியே வரமுடியாம பண்றேன்" என்றார் முதலாளி.

"டீயில ஒண்ணுமில்ல" என்று தொடங்கினாள் அக்கா. சமையல்காரர் விட்ட பெருமூச்சில் மேசைமேல் இருந்த தாள் பறந்தது. "வலி வந்த நேரத்தையே எல்லாரும் பாத்தீங்க. அதுக்கு அரைமணி முன்னாடி பாத்திருக்கணும். உங்களைக் கடிச்சது எறும்பு இல்ல."

"பின்னே?"

"நகத்தளவு சொறிமீன். ஈரத்துண்டோட மடிப்புல வெச்சிருந்தாங்க. கண்ணாடி மாதிரி இருக்கும், தெரியாது. உங்க உடம்புல நல்ல தண்ணி. பட்டதும் வெடிச்சுது. முதல்ல எறும்புக்கடி. அரைமணி கழிச்சு நரகம். நீங்க கடலுக்குப் போகாததால டாக்டருக்கும் தோணல."

முதலாளியின் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. பிறகு விரல் வாசற்படியை நோக்கி நீண்டது. "துண்டு இவகிட்டதானே இருந்துச்சு!"

"இவங்களா இருந்தா அந்தத் துண்டை வாந்தின்னு நினைச்சு வாளியில போட்டு வெச்சிருக்க மாட்டாங்க. அலசிக் காயப்போட்டிருப்பாங்க. நீங்க மூலையில வீசினதை யாரோ எடுத்து, வினிகர் ஊத்தி, கூடையில போட்டிருக்காங்க. ஏழு மணிக்கு முன்னாடி. அப்போ உங்களுக்கு வலியே ஆரம்பிக்கல, முதலாளி! விஷம் சொறிமீன்னு அந்த நேரத்துல தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான் இருக்க முடியும். துவைக்கிற அம்மா வெறுங்கையால நல்ல தண்ணில போட்டா அவங்களையும் கொட்டுமேன்னு பயந்த ஆள்."

அந்த அம்மா தன் உள்ளங்கைகளை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. காஞ்ச பலகை முதுகுல பட்டுச்சுன்னு சொன்னீங்க. மூணு நாள் அடைமழைல திறந்த படகு எப்படிக் காஞ்சிருக்கும்? ஒரு ராத்திரித் தண்ணியை இறைக்கவே என் தம்பிக்கு முப்பத்தஞ்சு நிமிஷம். நீங்க முதல் மடக்கு டீ குடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே, உங்களைப் படுக்கவெச்சுக் கொண்டுபோறதுக்கு ஒருத்தர் படகைத் துடைச்சு வெச்சிருந்தார்."

பிரேக்குக்குப் பொறி தட்டியது. ஐயோ, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான். மிதவைச் சட்டையின் வார் இன்னும் விலாவில் இறுக்குவதுபோல இருந்தது.

"மேஸ்திரியா?" முதலாளிக்கு நாக்கு குழறியது. "என்னைக் காப்பாத்தினவனா?"

மேஸ்திரி ஜன்னலிலிருந்து திரும்பினான். "சரியாச் சொன்னீங்கம்மா. எல்லாம் சரி."

"மனசு கேக்கல, அதான் படகை இறைச்சு வெச்சீங்க" என்றாள் அக்கா.

"அது மட்டும் தப்பு." அவன் குரலில் இரக்கம் துளிகூட இல்லை. "வினிகர் ஊத்தினது பயத்துல, அந்தம்மா கைக்காக. படகு அப்படியில்ல. முதலாளி சாகக்கூடாது. செத்தா எப்படிச் சொல்லுவார்? சுறா என் மடியிலதான் கிடந்தான். கல்லைத் தூக்கித் தலையில போட்டுடு மேஸ்திரின்னு கெஞ்சினான். சாவி கேட்டு மூணு தடவை ஓடினேன். நடிப்புன்னார். அப்புறம் என்னையே சாட்சிக் கையெழுத்துப் போடவெச்சார், போட்டேன். வேலை போயிடுமேன்னு போட்டேன். அந்தக் கை ரெண்டு வருஷமா சோறு உருட்டுது. அது நடிப்பான்னு இவர் வாயாலயே தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன். மழை விட்ட அன்னிக்கு அந்தச் சொறிமீன் தானா கரையோரம் வந்துச்சு. குவளையில மொண்டேன்."

முதலாளி தொலைபேசியைத் தூக்கினார். முகம் செங்கல்லாகியிருந்தது. "கொலை முயற்சி! எல்லாரும் கேட்டீங்கல்ல? உள்ளேயே மக்கிப்போகப் போறே!"

"கூப்பிடுங்க" என்றாள் அக்கா. "ஆனா என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"இவன் என்னைக் கொல்லப் பாத்தான்னு!"

"எதால?"

அவர் வாயைத் திறந்தார். அந்தச் சொல் பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது.

அக்கா இரண்டு தாள்களை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று மடித்து வெளுத்தது. இன்னொன்று முந்தின நாள் எழுதியது. "இதுல 'நகத்தளவு சொறிமீன் கொட்டி மனிதன் சாவதில்லை'ன்னு உங்க கையெழுத்து. இதுல 'சாகப்போகிறேன் என்பது நிச்சயமாகத் தெரிந்தது'ன்னு அதே கையெழுத்து. முதல் தாள் நிஜம்னா, மேஸ்திரி உங்களுக்கு ஈரத்துண்டு கொடுத்தார், அவ்வளவுதான். ரெண்டாவது நிஜம்னா, துடிச்சுக்கிட்டிருந்த ஒரு பையனுக்கு ஒரு மணி பத்து நிமிஷம் நீங்க படகு தரல. போலீஸ் ரெண்டுல எதை எடுக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

தொலைபேசி மேசைக்குத் திரும்பியது. அதை வைத்த கை இடுப்புக்குப் போனது.

"சரி. விடுங்க. இதோட விடுங்க. நான் புகார் கொடுக்கல. யாரும் எதுவும் பேச வேண்டாம்."

"நீங்க கொடுக்க வேணாம் முதலாளி" என்றான் மேஸ்திரி. "நானே கொடுத்துக்கறேன். ஸ்டேஷன் அஞ்சரைக்கும் திறந்துதான் இருக்கும்."

அவன் வெளியே நடந்தான். முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "டேய், நில்லுடா! உனக்குப் பைத்தியமா? ஜெயில்டா!"

"நீங்க கோர்ட்டுக் கூண்டுல ஏறிச் சொல்லணுமே. எப்படி வலிச்சுதுன்னு. அதைக் கேக்க ஜெயில்லேருந்து கூட்டிட்டு வந்தாலும் பரவாயில்ல."

துறை வரைக்கும் பின்னாலேயே வந்தார் அந்த மனிதர். ஒரு பேர் மட்டும் சொல்லுங்கள் என்று மேசையைக் குத்தியவர், இப்போது அந்தப் பேருக்குச் சொந்தக்காரன் தோளைப் பிடித்து, போகாதே போகாதே என்று கெஞ்சினார். மேஸ்திரி தோளை உதறவில்லை. குனிந்து கயிற்றை அவிழ்த்தான். அவனுக்கு முன்னாலேயே துணி துவைக்கும் அம்மா படகில் ஏறி உட்கார்ந்திருந்தாள், பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்து.

முதலாளி அக்காவிடம் திரும்பினார். "நான் எழுதின சீட்டு! அதைக் கொடுங்க. நான்தானே உங்க கட்சிக்காரன்!"

அக்கா மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். அவர் அதை நான்காக, எட்டாக, பதினாறாகக் கிழித்துத் தண்ணீரில் வீசினார். இது நடிப்பு அல்ல என்ற வரி, இரண்டு கோடுகளோடு, ஒரு துணுக்கில் கொஞ்சநேரம் மிதந்தது.

அக்காவும் பிரேக்கும் ஏறியதும் படகு கிளம்பியது. பிரேக்குக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என்னக்கா இப்படிப் பண்ணிட்டே? கையில இருந்த சாட்சியத் தூக்கி அவர் கையிலயே கொடுத்துட்டியே! இனிமே அந்தாளு எழுதவே இல்லைன்னு சொல்லுவார். அப்புறம் இந்த மேஸ்திரி சும்மா உள்ள போனதுதான் மிச்சம்!"

"மேல்தாள் எழுதினவருக்கு. அவர் சொத்து, அவர் கிழிச்சார்" என்றாள் அக்கா, கடலைப் பார்த்தபடி.

மேஸ்திரி இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்து, அந்த அம்மாவுக்கு மிதவைச் சட்டையை மாட்டினான். வாரை இழுத்துப் பார்த்தான். இன்னொரு முறை இறுக்கினான். உறை நனையாமல் இருக்க அவள் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் பிரேக் பார்த்தான். பிளாஸ்டிக்குக்குள் வெளுத்த தாளோடு முதுகோடு முதுகாக இன்னொரு தாள், ஊதா எழுத்தில். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு. அதன் கீழே கையெழுத்து.

"அக்கா!"

"என்னடா?"

"கார்பன் காப்பி..."

"அதுவா?" என்றாள் கம்பவுண்டரம்மா. "மருந்து யாருக்கோ அவங்ககிட்டதான் இருக்கும்."

துறையில் முதலாளி சின்னதாகிக்கொண்டே போனார், இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்தபடி.